திருமலை மன்னரும் மதுரை மாநகர் வீதிகளும்

ஒரு நாட்டின் வளத்தை அதன் மலையாலும் ஆற்றாலும் அறியலாம். ஒரு நகரின் பெருமையையோ அதன் வீதிகளைக் கொண்டே அறிதல் வேண்டும். மதுரை மாநகரில் வாழ்வோரும், சரக்குக் கொள்ளவும் விற்கவும், அங்கயற்கண்ணி அம்மையைத் தரிசிக்கவும், மணவினைக்கு ஆடையணி வாங்கவும் சுற்றூர்களினின்று இந்நகருக்கு வருவோரும் மாசி வீதிகளில் நடவாது செல்லுதல் அரிது. அங்ஙனம் நடக்கும் நம்முள் எத்துணையர், இவ்வீதிக்கு மாசி என்னும் பெயர் எவ்வாறு வாய்த்தது, மாசி வீதியிலே சித்திரைத் தேர் ஓடுவது யாது காரணம் என எண்ணிப் பார்த்துள்ளோம்? இவ்வினாக்களுக்கு விடை, கி.பி. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரது வரலாற்றில் அடங்கியுள்ளது. ஆதலின் அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறியுமாறு ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேம்.

நாயக்கர் காலத்திற்கு முன்னரே மதுரை தொன்னகராய் விளங்கிற்று என்பது யாவரும் அறிந்ததே. பாண்டியர் இருந்தரசாண்ட நகரம் அது. திருக்கோயிலை நடுவே வைத்து, அதனைச் சதுரமாகச் சூழ்ந்து, ஒன்றனுக்குப் புறம்பே ஒன்றாக வீதிகள் அமைந்த கிடக்கையை, இதழடுக்கிய தாமரைப் பூவோடு ஒப்பிடுவது பெரியோர் வழக்கம். கோயில் மதிலினுள்ளே ஆடி வீதி; மதிலை அடுத்துப் புறத்தே சித்திரை வீதி; அதற்கப்பால் ஆவணி மூல வீதி; அதற்கும் அப்பால் மாசி வீதி; எல்லாவற்றிற்கும் புறத்தே வெளி வீதி. திங்கள்தோறும் நிகழும் விழாக்களில் இறைவன் உலாவரும் வழிகளே வீதிகளாயின. விழா நிகழும் திங்களின் பெயரே வீதியின் பெயருமாயிற்று. இந்நகரில் மக்கள் நடத்தற்கு வழி கண்டவன் இறைவன் என்றே கூறலாம்.

விசயநகரப் பேரரசின் சார்பாக மதுரை வந்து கி.பி. 1529-இல் ஆட்சியை மேற்கொண்ட விசுவநாத நாயக்கர், பாண்டியர் காலத்துப் பழைய மதிலையும் அகழியையும் அகற்றி, நகரைப் பெரிதாக வளைத்து இரட்டை மதிலோடு கூடிய புதுக்கோட்டை ஒன்றை எழுப்பினார். அக்கோட்டைக்கு எழுபத்திரண்டு கொத்தளங்கள் இருந்தன. நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுத்து, கொத்தளத்திற்கு ஒருவராகப் பாளையக்காரரிடம் காவலை ஒப்புவித்தார் என்பர். அவர்க்கு வலக்கையாய் நின்றவர் தளவாய் அரியநாத முதலியார். திருமலை நாயக்கர் கையில் வந்த மதுரை, இங்ஙனம் மதிலும் வீதியும் கோயிலும் பொருந்திய நகரமேயாம். அவர் நகரத்தைப் புதிதாகப் படைத்தாரல்லர். இருந்த நகரத்திற்கு உயிரூட்டினார். அதுவே அவரது தனிச்சிறப்பு.

திருமலை நாயக்கர், முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரின் மைந்தர். தமையனார் முத்துவீரப்ப நாயக்கர் 1609 முதல் 1623 வரை ஆண்டார். அவர் காலத்தில் தலைநகரம் மதுரையை விட்டுத் திருச்சிராப்பள்ளிக்கு மாறியிருந்தது. அரசர் நீங்கிய நகரம் பொலிவிழத்தல் இயல்பன்றோ? அரண்மனையை நம்பி வாழும் கைவினைஞரும் வணிகரும் வீரரும் அரசரைப் பின்பற்றிப் பெயர்தலும் இயல்பே. 1623-இல் தமையனார்க்குப் பின் திருமலை நாயக்கர் பட்டத்தை எய்தினார். எய்திய சில ஆண்டுகளில் தலைநகரை மீண்டும் மதுரைக்கே மாற்றத் துணிந்தார்.

இம்மாற்றத்திற்குக் காரணமாக வழங்கும் செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. மன்னர் நெடுநாளாக மண்டைச்சளி நோயால் வருந்தினார். திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்கு வரும் வழியில் திண்டுக்கல்லில் தங்கியபொழுது, மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் கனவில் தோன்றி, மதுரையிலேயே தங்கி வாழின் நோய் தீரும் என்று அருளினர். அவரும் அங்ஙனமே உறுதிபூண்டு நலம் பெற்றார் என்பது அச்செய்தி. வரலாற்றறிஞர் வேறொரு காரணமும் காட்டுவர். திருச்சிராப்பள்ளி வடக்கினின்றும் மேற்கினின்றும் வரும் பகைவர்க்கு எளிதில் இலக்காகும் நிலையிலிருந்தது. மதுரையோ நாட்டின் உள்ளமைந்து காவலிற் சிறந்தது. பத்திக்குப் பத்தியும் அரசியலுக்கு அரசியலுமாக இவ்விரு காரணங்களும் ஒன்றோடொன்று மாறுபடுதல் இல்லை.

மதுரையில் அமர்ந்த மன்னர் தமக்கென ஓர் அரண்மனை எடுப்பித்தார். 1636-ஆம் ஆண்டு அது நிறைவெய்தியது என்பர். ஆக்கிராவில் ஷாஜகான் தாஜ்மகாலைக் கட்டத் தொடங்கியது 1632-ஆம் ஆண்டாகும். வடக்கே யமுனைக் கரையில் வெண்பளிங்கு உயர்ந்துகொண்டிருந்த அக்காலத்தே, தெற்கே வையைக் கரை நகரில் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு மற்றொரு மாளிகை எழுந்தது. அதன் பெருமுற்றம் 240 அடிக்கு மேற்பட்ட நீளமுடையது. முற்றத்தைச் சூழ்ந்து, இருவர் சேர்ந்தும் கட்டித் தழுவவியலாப் பருமனுள்ள தூண்கள் அணிவகுத்து நிற்கும். மேற்புறத்தே சுவர்க்க விலாசம் என்னும் கொலுமண்டபம். அதன் நடுவிலுள்ள குவிந்த விதானம் ஏறத்தாழ 60 அடி குறுக்களவும் 70 அடி உயரமும் உடையது. தென்னாட்டுச் சுதைவேலையும் வடநாட்டுப் பிறைவளைவும் அம்மாளிகையில் ஒருங்கே கலந்து நிற்கக் காணலாம். இன்று நாம் காண்பது முன்னிருந்ததில் நாலில் ஒரு பங்கேயாம். அரங்க விலாசம் என்னும் மற்றொரு பெரும் பகுதியும், அந்தப்புரமும், நாடகசாலையும், பூஞ்சோலையும், படைக்கலச் சாலையும் அதனோடு இயைந்திருந்தன. மன்னர் மகிழ்ந்து வாழ்தற்குத் தம் பொருளைப் பெரிதும் சொரிந்த இடம் இதுவே.

கோயிலின் கிழக்கு வாயிலுக்கு எதிரே புதுமண்டபத்தைக் கட்டுவித்தவரும் இவரே. வசந்த விழாவில் அம்மையும் அப்பனும் வெயில் தணிய எழுந்தருளியிருத்தற்பொருட்டு அமைந்ததாகலின் அதற்கு வசந்த மண்டபம் என்றும் பெயர். 330 அடிக்கு மேற்பட்ட நீளமும், 124 தூண்களும் உடைய அக்கல்மண்டபத்தில், நாயக்க மன்னர் பதின்மரின் உருவச்சிலைகள் உள்ளன. அவற்றுள் திருமலை நாயக்கர் தம் தேவியரோடு நிற்கும் சிலையும் ஒன்று. தாம் தொடங்கிய இராயகோபுரத்தை அவர் முடிக்கவில்லை. புதுமண்டபத்தின் கிழக்கே, எழுகடல் தெருவின் தலைப்பில், நெடிய ஒற்றைக்கல் நிலைகளோடு அடிப்பகுதி மாத்திரமாய் அது நிற்கின்றது. முற்றுப்பெற்றிருப்பின் மதுரையின் நான்கு பெருங்கோபுரங்களும் அதனெதிரே சிறியனவாகத் தோன்றும் என்று அறிந்தோர் கூறுவர்.

நகரின் கிழக்கே வண்டியூர்த் தெப்பக்குளத்தை 1645-இல் அமைத்தார். அது ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது. நான்கு புறமும் கற்படிகளும், நடுவே சோலை சூழ்ந்த மைய மண்டபமும் கொண்டது. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளமே பின்னர்க் குளமாயிற்று என்றும், தோண்டுங்கால் கிடைத்த பெரிய பிள்ளையார் திருவுருவமே கோயிலில் முக்குறுணிப் பிள்ளையாராக வீற்றிருக்கின்றது என்றும் கூறுவர். மாளிகைக்கு மண்ணெடுத்த பள்ளத்தையும் வீணாக்காது, வையை நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே வந்து நிறையுமாறு செய்து, தம் பிறந்த நாளாகிய பூச நன்னாளில் தெப்பவிழா நடத்த ஏற்பாடு செய்தமை அவரது நுண்ணறிவைக் காட்டும். தைப்பூசத்தில் மதுரை மக்கள் திரள் திரளாகத் தெப்பக்குளக் கரையிற் கூடுவது அன்றுதொட்டு வரும் வழக்கமே.

இனி, அவர் செய்தவற்றுள் தலையாயதைக் கூறுவாம். அது கல்லாலும் மண்ணாலும் ஆனதன்று. முன்னாளில் மீனாட்சியம்மை திருமணமும் தேரும் மாசித் திங்களில் நிகழ்ந்தன; தேர் ஓடிய வீதி ஆகலின் அது மாசி வீதி எனப்பட்டது. அழகர்கோயிலினின்று கள்ளழகர் எழுந்தருளி வையையாற்றில் இறங்கும் விழாவோ சித்திரையில், மதுரைக்கு மேற்கே தேனூரில் நிகழ்ந்து வந்தது. மாசி அறுவடைக் காலம். உழவர் களத்தைவிட்டு நகரம் புகுதல் அரிது. பெருந்தேர் இழுக்க ஆயிரக்கணக்கானோர் கைகள் வேண்டுமன்றோ? சித்திரையிலோ விளைந்த நெல் வீடு சேர்ந்திருக்கும்; உழுதொழில் ஓய்ந்திருக்கும்; கையிற் சிறிது காசும் இருக்கும். இதனைக் கருதியே மன்னர் அம்மை திருமணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவையும் மதுரைக்குக் கொணர்ந்து, இரண்டனையும் ஒன்றாக இணைத்தார் என்பர். விழா மாசியினின்று சித்திரைக்குப் பெயர்ந்தது. வீதியின் பெயர் மாறவில்லை. தேர் ஓடும் வழியும் மாறவில்லை. மாசி வீதியிலே சித்திரைத் தேர் ஓடும் புதிரின் விடை இதுவே.

இவ்விணைப்பால் விளைந்த நன்மை சிறிதன்று. சிவன் கோயில் விழாவும் திருமால் கோயில் விழாவும் ஒரே காலத்தில் நிகழவே, சைவரும் வைணவரும் ஒரே வீதியில் ஒருவரோடொருவர் தோளுரசி நின்றனர். நகரத்து வணிகரும் நாட்டுப்புறத்து உழவரும் ஓரிடத்துக் கூடினர். தங்கை திருமணத்திற்குச் சீர்வரிசையோடு புறப்பட்ட அண்ணன், காலந்தாழ்ந்து ஆற்றங்கரையை அடைந்து, மணம் முடிந்த செய்தி கேட்டுச் சினந்து திரும்புகின்றார் என மக்கள் தாமே ஒரு கதையும் புனைந்துகொண்டனர். கோயில் ஏடுகள் அக்கதையைக் கூறாவிடினும், வீட்டுக்கு வீடு பாட்டிமார் பேரக் குழந்தைகட்கு அதனைக் கூறாத சித்திரை இல்லை. எவ்வகை ஆணையாலும் ஒன்று சேர்த்தற்கு அரிய மக்களை, ஒரு திருமண வீட்டின் உறவு முறையால் ஒன்றுசேர்த்து வைத்தது அவ்விழா. நாற்புறத்து ஊர்களினின்றும் வண்டி கட்டி வந்தோர், தரிசனம் முடித்தபின் வெறுங்கையோடு மீள்வரோ? ஓராண்டுக்கு வேண்டும் பொருள்களை மதுரைக் கடைகளிலேயே வாங்கிச் சென்றனர். கீழமாசி வீதியிற் பலசரக்கும், தெற்காவணி மூல வீதியிற் பொன்னும், வெண்கலக் கடைத் தெருவிற் பாத்திரமும் என்று வாணிகம் வீதிதோறும் வேரூன்றியதற்கு, இவ்வீதிகள் தேரோடும் வீதிகளாய் இருந்தமையும் ஒரு காரணமாம்.

மன்னர் புலமையையும் கைத்தொழிலையும் போற்றினார். குமரகுருபர சுவாமிகள் தாம் இயற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை இவர் முன்னிலையில் அரங்கேற்றுங்கால், அம்மையே சிறு பெண்ணுருவில் வந்து முத்துமாலை அணிவித்து மறைந்தாள் என்பது தமிழுலகம் போற்றும் செய்தி. பட்டு நெய்யும் சௌராஷ்டிர மக்கள் அரண்மனையைச் சூழக் குடியேறி நகரின் நெசவை வளர்த்ததும் நாயக்க மன்னர் ஆதரவாலேயாம் என்பர். அரண்மனையைச் சூழ்ந்த தெருக்கள் இந்நாளிலும் மகால் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றன.

நிறையைக் கூறியவிடத்துக் குறையையும் கூறுதல் நடுநிலையாம். அவரது ஆட்சியில் போர் ஓய்ந்த நாட்கள் சிலவே. இராமநாதபுரத்துச் சடைக்கன் சேதுபதியோடு மூண்ட போரைத் தளவாய் இராமப்பையன் நடத்தினார். சிறைப்பட்ட சேதுபதி பின்னர் விடுதலை பெற்றுத் தம் நாட்டை எய்தினார். விசயநகரப் பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கரோடு பகைத்த மன்னர், தக்காணத்துச் சுல்தான்களின் துணையை நாடினார். துணையாக அழைத்த படையே பின்னர்த் தம் நாட்டினுட் புக, பெரும்பொருள் கொடுத்து அதனைத் திருப்ப நேர்ந்தது. பேரரசும் நலிந்தது, மதுரையும் நலிந்தது. தமக்கு மேலிருந்த நிழல்மரத்தைத் தாமே வெட்டுவித்த செயல் அஃது எனல் மிகையாகாது. மாளிகைக்கும் போருக்கும் வேண்டிய பொருள் குடிகளின் வியர்வையினின்றே வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவரது இறுதி நாட்களில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை மதுரை நாட்டிற் புகுந்தது. அப்படைஞர் அகப்பட்டோர் மூக்கையும் மேலுதட்டையும் அரிந்து மூட்டையாக அனுப்பினர் என்பர். அதனால் அப்போர்க்கு மூக்கறு போர் என்றே பெயராயிற்று. மன்னர் அப்பொழுது நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். அவர் வேண்டுகோட்கிணங்கி இரகுநாத சேதுபதி பெரும்படையோடு விரைந்து வந்து பகைவரைத் துரத்தினார். முன்பு போரிட்ட நாட்டினின்றே பின்பு துணை வந்தமை காண்க. மன்னர் நன்றி மறவாதவராய்ச் சேதுபதிக்குத் தம் பெயரையே பட்டமாக அளித்து, மதுரையிற்போல இராமநாதபுரத்திலும் நவராத்திரி விழாக் கொண்டாடும் உரிமையையும் ஈந்தார். 1659-இல் திருமலை நாயக்கர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர்க்குப் பின் மைந்தர் முத்துவீரப்பர் சில திங்களே ஆண்டார். அடுத்துப் பட்டமெய்திய பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். மாற்றியதோடு அமையாது, பாட்டனார் மாளிகையின் பெரும்பகுதியைப் பிரித்து, அங்குத் தமக்கு மாளிகை கட்டுதற்பொருட்டுக் கற்களையும் மரங்களையும் கொண்டு சென்றார். பகைவர் கையால் அழியாத மாளிகை பேரன் கையால் அழிந்தது. எஞ்சியதும் காலப்போக்கிற் சிதைந்தது. விளக்குத்தூணை அடுத்த சந்தொன்றில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையே வரிசையாக நிற்கும் பத்துத் தூண்களும், நவபத்கானா என்னும் தெருப்பெயரும் அம்மாளிகை எவ்வளவு தொலைவு பரந்திருந்தது என்பதற்குச் சான்றுகளாம். 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு எஞ்சிய பகுதியைப் பழுதுபார்ப்பித்தார். பின்னர் அது நீதிமன்றமாகி, 1970 வரை வழக்காடுவோர் ஏறியிறங்கும் இடமாய் இருந்து, அதன்பின் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையின் காவலில் வந்தது.

விசுவநாதர் எடுப்பித்த எழுபத்திரண்டு கொத்தளக் கோட்டையும் நிலைக்கவில்லை. 1840-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பித்தார். இடித்துத் தூர்ப்போர்க்கு அவ்விடத்தில் மனை வழங்கப்பட்டமையால் நகரம் மதிலைத் தாண்டிப் பரந்தது. அவ்வாறு பிறந்த தெருக்களுள், அப்பணியிற் கண்காணிப்பாளராயிருந்த மாரட்டு என்பாரது பெயரையும் பெருமாள் மேஸ்திரியின் பெயரையும் தாங்கியன இரண்டு. பிளாக்பர்ன் நினைவாக நகரத்தார் நாட்டிய விளக்கே விளக்குத்தூண். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே பழைய கோட்டையின் ஒரு துண்டு மாத்திரம் எஞ்சி நிற்கின்றது.

அன்பர்காள்! இவ்வரலாற்றை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை தானே புலப்படும். மன்னர் தமக்கெனக் கட்டிய மாளிகையில் முக்காற்பங்கு அவர் மறைந்து ஒரு தலைமுறை கழியுமுன்னரே மறைந்தது. பகைவர்க்கு அஞ்சி எழுப்பிய மதில், பகை ஓய்ந்த காலத்தே பயனற்று வீழ்ந்தது. பலர்க்கும் உரியதாக அமைத்த குளமும் மண்டபமும் நிற்கின்றன. கல்லும் சுண்ணமும் இன்றி வெறும் ஏற்பாடாகச் செய்த விழாவோ முந்நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாகியும், தேய்தலின்றி ஆண்டுதோறும் வளர்ந்தே வருகின்றது. மாளிகையைக் காக்கக் காவலர் வேண்டும். விழாவையோ அதற்கு வரும் மக்களே காக்கின்றனர். ஒருவர்க்கு உரிய பொருளை அவர் வழிவந்தோரே பிரித்தெடுத்துச் செல்லக் கூடும்; பல்லாயிரவர்க்கு உரியதைப் பிரித்தெடுத்துச் செல்ல எவராலும் இயலாது.

இவ்வுண்மை மன்னர்க்கேயன்றி நமக்கும் உரியது. நம் முன்னோர் வீடு கட்டினர். சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் பள்ளிக்கூடமும் அமைத்தனர். வீடுகள் பாகப்பிரிவினையிற் சுவர்சுவராகத் துண்டுபட்டன. பொதுவிற்கு விட்டவை, பொறுப்புள்ளார் கையில் இருந்தவரை நின்று பயன் தந்தன. ஆதலின் நம்மவருட் பொருள் படைத்தோர் புதுமனை புகும்பொழுது, அதன் செலவில் ஒரு சிறு கூற்றையேனும் ஊரார் அனைவர்க்கும் பயன்படும் ஒன்றன்பால் ஈடுபடுத்துவாராக. வீதியோரத்துக் கடை வைத்திருப்போர், தேரோடும் வீதி தமக்கு மாத்திரம் உரியதன்று என்பதை நினைந்து, படிக்கட்டையும் பந்தலையும் ஓரடி உள்ளடக்கிக் கொள்வாராக. புதுமண்டபத்தினுள் நெடுங்காலம் இருந்த தையற்காரரும் புத்தக வணிகரும் பிறரும் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு இடம் பெயர்ந்தனர். அவர்கள் பிழைப்பிற்கும் இடமிருத்தல் வேண்டும். மண்டபத்துச் சிலைகட்கும் காப்பிருத்தல் வேண்டும். இரண்டனையும் ஒருங்கு பேணுதலே பழைய நகரொன்றில் வாழ்வோர்க்கு வாய்த்த கடமையாம்.

பெற்றோர்களும் ஒன்று செய்வாராக. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, சித்திரை வீதியிற் புறப்பட்டு, ஆவணி மூல வீதியையும் மாசி வீதியையும் கடந்து, வெளி வீதி வரை நடந்து காட்டுக. பத்துத் தூண் சந்தில் ஒரு தூணின் அடியில் நிறுத்தி, அதன் முடியை அண்ணாந்து நோக்கச் செய்க. இது யாருடையது, ஏன் இங்குத் தனித்து நிற்கின்றது என்று பிள்ளைகள் வினவுவர். அப்பொழுது இவ்வரலாற்றை எடுத்துரைக்க. நூலிற் கற்ற வரலாறு தேர்வு முடிந்ததும் மறக்கக் கூடும். தாய் தந்தையர் கைப்பிடித்து வீதியில் நடந்து கற்ற வரலாறு வாழ்நாள் முழுதும் மறவாது.